லேத் முன்னால் நிற்பவருக்கு: சுவிட்ச் போடுவது முதல் அணைப்பது வரை

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பட்டறையின் தகரக் கூரையில் ஒரு புடைப்பு இருந்தது. கீழிருந்து யாரோ சம்மட்டியால் ஓங்கிக் குத்தியது போலத் தகரம் மேலே பிதுங்கியிருக்கும். "அது என்னங்ணா?" என்று சீனியர் டர்னரிடம் கேட்டேன். "சக் கீ போன வழி தம்பி" என்றார். லேத் என்பது இரும்பைச் சுற்றவிட்டு, டூல் என்ற வெட்டுக் கருவியால் சீவும் கடைசல் மெஷின். அதில் சுற்றும் பிடி சக், அதை இறுக்கும் சாவி சக் கீ. ஜாப்பை, அதாவது சீவ வேண்டிய இரும்பை, சக்கில் இறுக்கியவர் கீயை எடுக்க மறந்து, மெஷினை ஓடவைக்கும் லீவரைத் தூக்கியிருக்கிறார். அவர் காதோரமாகப் பறந்த கீ கூரையில் அடித்து, பக்கத்து மெஷின் மேல் விழுந்திருக்கிறது. முதலாளி அந்தத் தகரத்தை மாற்றவே இல்லை. புதுப் பையன்களுக்குக் காட்டத்தான் வைத்திருந்தார் என்று பின்னால் புரிந்தது.

இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். டூல் இரும்பைச் சீவிக்கொண்டிருக்கும் நேரத்தில் கை போனதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் பார்த்த காயங்கள் எல்லாம் அதற்கு முன்னாலோ பின்னாலோ நடந்தவை. ஜாப் பிடிக்கும்போது, சீவியதில் வரும் இரும்புச் சுருளை எடுக்கும்போது, அளவு பார்க்கும்போது, எமரித் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கும்போது. கட் ஓடும்போது கண் தானாக அங்கே இருக்கும். சில்லறை வேலைகளில்தான் மனசு டீக்கடைக்குப் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் சில்லறை வேலைகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று கோவையின் எந்தப் பட்டறையில் நுழைந்தாலும் கண்ணில் படுகிற சாதாரண சென்டர் லேத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். கதவு மூடினால்தான் ஓடும், கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷினின் கதை வேறு.

முதலில் ஒரு கணக்கு

50 மில்லி விட்டமுள்ள ஒரு ராடு, 600 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 600 என்றால் நொடிக்கு 10 சுற்று. ஒரு சுற்றின் நீளம் 157 மில்லி. ஆக, நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல், மாட்டிய துணியைச் சுற்றி இழுக்கும். கண் சிமிட்டும் நேரத்தை 0.3 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 47 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு முழம், போய்விடும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள நீளமும் ஒரு முழம்தான்.

'மாட்டினால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மாட்டியது என்று மூளைக்குத் தெரியும்போது முழங்கை சக் பக்கத்தில் இருக்கும்.

படி 1: மெஷினுக்கு முன்னால் உங்களைப் பாருங்கள்

அரைக்கைச் சட்டை நல்லது. முழுக்கை என்றால் முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடித்துவிட வேண்டும். பித்தான் போட்ட மணிக்கட்டுப் பட்டியை நம்ப வேண்டாம், அந்தப் பித்தான் எப்போது அறுந்ததென்று யாருக்கும் தெரியாது. சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். லுங்கி கட்டிக்கொண்டு லேத் ஓட்டுபவர்களை இன்னமும் பார்க்கிறேன். லீடு ஸ்க்ரூ என்ற நீளமான திருகுத் தண்டு இடுப்புக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கும் மெஷினில் அது வேண்டாத துணிச்சல்.

மோதிரம், வாட்ச், காப்பு, கழுத்துச் செயின் எல்லாம் லாக்கருக்குப் போகட்டும். நம் ஊரில் சிக்கலே கயிறுதான். கோயிலில் கட்டிய கயிறு, கறுப்புக் கயிறு, கார்த்திகை மாதத்தில் ஐயப்ப மாலை. கழற்றச் சொன்னால் மனசு ஒப்பாது. மாலையை பனியனுக்குள் விட்டு, மேலே பித்தான் போட்டுக்கொள்ளச் சொல்வேன். கைக்கயிறை மட்டும் புஜத்துக்கு ஏற்றிக் கட்டச் சொல்வேன், இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வேலைக்கு வரும் பெண்கள் துப்பட்டாவை வெளியே வைத்துவிட்டு, மேலே கோட் போட்டு, சடையைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

முடி விஷயத்தில் எல்லோருக்கும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில், படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த மாணவி ஒருவர் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்திருக்கிறார். தலைமுடி மாட்டி இறந்துபோனார். படித்த பெண், பெரிய பல்கலைக்கழகம். மெஷினை அணைக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. நைட் ஷிஃப்டில் தனியாளாக லேத் ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கையுறை பற்றி ஒரே வார்த்தை: கூடாது. சுருள் கீறுமே என்று காட்டன் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். கீறலுக்கு பிளாஸ்டர் போதும். கையுறையின் ஒரு நூல் மாட்டினால் விரல் முழுதாகப் போகும். சுற்றாத நேரத்தில் கனமான ஜாப் தூக்க, குப்பை அள்ள மட்டும் கையுறை.

கண்ணாடி கட்டாயம். சாதாரண பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் மறைப்பு உள்ள பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பித்தளையும் வார்ப்பிரும்பும் சுருளாக வராது, ஊசி ஊசியாகவும் தூளாகவும் தெறிக்கும். காலுக்கு முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ. காதில் இயர்போன் வேண்டாம். டூல் கரகரப்பதையும் பெல்ட் வழுக்குவதையும் முதலில் சொல்வது காதுதான்.

படி 2: ஓடாத மெஷினைச் சுற்றி வாருங்கள்

ஐந்து நிமிட வேலை. பெரும்பகுதி மெயின் சுவிட்ச் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது.

கியர் கவர், பெல்ட் கவர் இரண்டும் இடத்தில் இருக்கிறதா? பெல்ட்டை இடம் மாற்றி வேகம் மாற்றும் பழைய கோன் புல்லி மெஷின்களில் கவரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்திருப்பார்கள், 'ஸ்பீடு மாற்ற வசதி' என்று. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்றது. கண் பாதுகாப்புக்கு 35-ஆம் பிரிவு இருந்தது. ஆனால் இரண்டு லேத், நான்கு ஆள் என்று சந்துக்குள் ஓடும் பட்டறையை இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்ப்பது அபூர்வம். அங்கே கவரைத் திரும்ப மாட்டுவது நம் வேலைதான்.

எமர்ஜென்சி பொத்தான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு கை போக வேண்டும். காலையில் ஒரு தடவை மெஷினை வெறுமனே ஓடவிட்டு, அழுத்திப் பாருங்கள். உடனே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரேக் இல்லாத மெஷினில் பெரிய சக் தன் கனத்தாலேயே இன்னும் பல சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டால், அப்புறம் சுற்றும் சக்கைக் கையால் பிடித்து நிறுத்தும் பழக்கம் வராது.

தரையில் ஆயில் சிந்தியிருக்கிறதா பாருங்கள். சுற்றும் மெஷின் முன்னால் வழுக்கினால் கை முதலில் தேடுவது எதிரில் இருக்கும் பிடிமானத்தை. அது சக்காக இருக்கும். மெஷினின் அடித்தளமான பெட் மேல் ஸ்பேனர், அளவு பார்க்கும் வெர்னியர் எதுவும் கிடக்கக் கூடாது.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. மோட்டார் ரீவைண்டிங் ஆகி வந்தாலோ, மின்வாரிய ஆள் லைனில் கைவைத்துவிட்டுப் போனாலோ, மெஷின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஜாப் இல்லாமல் பார்த்துவிடுங்கள். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். திருகி மாட்டும் சக் உள்ள பழைய லேத் என்றால் சக்கே கழன்று வந்துவிடலாம்.

படி 3: ஜாப் பிடிப்பது

வழக்கமான விதி ஒன்று சொல்வார்கள்: சக் கீயில் இருந்து கை எடுக்காதே. கீ சக்கில் இருக்கும்வரை கை கீயில் இருக்க வேண்டும், கை எடுத்தால் கீயும் கூடவே வர வேண்டும். ஒரு நிமிடம் வெர்னியர் எடுக்கக்கூட அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. ஸ்பிரிங் வைத்த கீ கிடைக்கிறது, கை விட்டால் தானாக வெளியே தள்ளிக்கொள்ளும். இல்லாவிட்டால் சக் மாட்டியிருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் ஒரு கொக்கி அடித்து, கீக்கு அதுதான் வீடு என்று பழக்கிவிடுங்கள். லீவரைத் தொடும் முன் கண் கொக்கிக்குப் போகட்டும். கீ அங்கே தொங்கினால் மட்டும் ஸ்டார்ட்.

ஜாப்பைக் கவ்வும் சக்கின் தாடையான ஜா வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு ஆபத்து. உள்ளே ஜாவை நகர்த்தும் ஸ்க்ரோலில் பல் குறைவாகப் பிடித்திருக்கும், வெளியே முழங்கையை அடிக்கும். ஜாவின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்கைத் தாண்டி நீண்டால், ஜாவைத் திருப்பிப் போடுங்கள் அல்லது பெரிய சக்குக்கு மாறுங்கள்.

ஜாப் எவ்வளவு நீட்டலாம்? பட்டறைக் கணக்கு: விட்டத்தைப் போல மூன்று மடங்கு வரை சக் மட்டும் போதும். அதற்கு மேல் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் சென்டர். பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போனால் நடுவில் தாங்கிப் பிடிக்கும் ஸ்டெடி. 20 மில்லி ராடு 60 மில்லி வரை தனியாக நிற்கலாம், 100 நீட்டினால் சென்டர் கொடுங்கள்.

எல்லோரும் முன்பக்கத்தையே பார்ப்பார்கள். சக்கைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலின் ஓட்டை வழியாகப் பின்பக்கம் நீண்டிருக்கும் ராடுதான் எமன். மெல்லிய ராடு ஒரு மீட்டர் பின்னால் தொங்கினால், வேகம் ஏறும்போது முனை லேசாக வளையும். வளைந்த முனை வெளிப்பக்கம் இன்னும் இழுக்கும், இன்னும் வளையும். இரண்டு மூன்று நொடியில் சாட்டையாகிவிடும். பின்னால் நடந்து போகிறவர் யாரோ, அவர் மேல் விழும். தாங்கி வைத்த குழாய்க்குள் விடுங்கள், அல்லது ஸ்பிண்டிலோடு நிற்கும்படி துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரும்பு மிச்சமாகிறதே என்று முழு ராடை அப்படியே விடச் சொல்லும் முதலாளி இருக்கிறார். ராடு விலையைவிட ஆஸ்பத்திரி பில் பெரிது என்று அவரிடம் சொல்லலாம், முதலாளிகளுக்குக் கணக்கு புரியும்.

சக் மாற்றும்போது பெட் மேல் பலகை போடுங்கள். சக் நழுவினால் பெட்டும் பிழைக்கும், விரலும் பிழைக்கும். 10 இன்ச் சக்கை ஒற்றை ஆள் தூக்கி மாட்டுவது வீரம் இல்லை, முதுகு போகும்.

படி 4: டூலும் வேகமும்

டூல் முனை சென்டர் உயரத்தில் இருக்கட்டும், டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டில் இருந்து எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு. போல்டை இறுக்கியபின் ஸ்பேனரை எடுத்துவிடுங்கள், சக் கீ மாதிரியேதான்.

வேகத்துக்குக் குத்துமதிப்பு வேண்டாம், கணக்கு சுலபம். வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வருவதால் வகுங்கள். 50 மில்லி எம்.எஸ். (மென் எஃகு) ராடு, ஹைஸ்பீடு ஸ்டீல் டூல், நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் சுமார் 160 ஆர்.பி.எம். கார்பைடு டூல் போட்டு 100 மீட்டர் எடுத்தால் சுமார் 640. மெஷினில் அதற்குப் பக்கத்தில் உள்ள வேகங்களில் எது குறைவோ அந்த கியர். கோணலான வார்ப்பு, சக்குக்குப் பதிலாக மாட்டும் ஃபேஸ் பிளேட்டில் ஒரு பக்கம் கனமாகப் பிடித்த ஜாப் என்றால் கணக்கை மறந்துவிட்டு மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, மெஷின் ஆடுகிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். சக்கின் மேல் உச்ச வேகம் பொறித்திருந்தால் அதைத் தாண்டவே கூடாது.

கியர் மாற்றுவது மெஷின் நின்ற பிறகுதான். சுற்றும்போது தள்ளினால் பல் போகும், கூடவே மெக்கானிக் வரும்வரை மூன்று நாள் சம்பளமும்.

படி 5: ஸ்டார்ட்

கியரை நியூட்ரலில் வைத்து, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஜா எங்கும் டூல் போஸ்டில் உரசவில்லையா? டூலைச் சுமந்து நகரும் கேரேஜ் இடப்பக்கம் கடைசி வரை போனால் சக்கில் இடிக்குமா? இந்த ஒரு சுற்று எத்தனையோ ஜாவையும் டூலையும் காப்பாற்றியிருக்கிறது.

கியர் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது சக்குக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். எதுவும் கழன்றால் சக் சுற்றும் தளத்தில்தான் பறக்கும். டெயில் ஸ்டாக் பக்கம் அரையடி தள்ளி நில்லுங்கள். உங்கள் பின்னால் டீ கொண்டுவரும் பையன் நிற்கிறானா என்றும் ஒரு பார்வை.

படி 6: ஓடும்போது

எம்.எஸ். வெட்டினால் சுருள் நீளமாக வரும், ரிப்பன் மாதிரி. நீலமாக மின்னும், அழகாகவும் இருக்கும், கை தானாகப் போகும். அதன் ஓரம் பிளேடு, சூடும் உண்டு. அதைவிட மோசம், அதன் மறுமுனை சக்கில் மாட்டினால் உங்கள் கையில் இருக்கும் முனை விரலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். கொக்கியால் மட்டும் எடுங்கள், அதுவும் மெஷின் நின்ற பிறகு. கொக்கியின் கைப்பிடியில் விரல் நுழையும் வளையம் இருக்கக் கூடாது. சுருள் கொக்கியை இழுத்தால் அது கையை விட்டுப் போக வேண்டும், விரலோடு போகக் கூடாது. பட்டறைகளில் கம்பியை வளைத்துச் செய்யும் கொக்கிகள் முக்கால்வாசி வளையப் பிடிதான், இன்றே வெட்டி விடுங்கள். சுருள் நீளமாகவே வருகிறதென்றால் டூல் நகரும் வேகமான ஃபீடைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது சுருளை உடைக்கும் சிப் பிரேக்கர் உள்ள டூல் போடுங்கள். ஏர் கன் அடித்துத் துகளை விரட்டாதீர்கள், அது பக்கத்து மெஷின்காரர் கண்ணுக்குப் போகும்.

அளவு பார்க்க மெஷினை நிறுத்துங்கள். சுற்றும்போதே வெர்னியர் வைப்பவர்கள் தங்களைக் கில்லாடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெர்னியரின் ஜா தேய்ந்து அளவும் தப்பாகத்தான் வரும்.

கட் ஓடும்போது போன் வந்தால் அடிக்கட்டும். பேச வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பேசலாம்.

கட்-ஆஃப் செய்யும்போது அறுந்து விழும் துண்டைக் கையால் ஏந்தாதீர்கள், தட்டு வையுங்கள். ஓட்டையைக் குடையும் போரிங்கில் விரலை உள்ளே விட்டு மழமழப்பு பார்ப்பது, ஓடும்போது, ஒருக்காலும் கூடாது.

எமரி: தனியாகச் சொல்ல வேண்டியது

விரல் போன கதைகளில் பாதி எமரிக் கதை. ஜாப் அளவுக்கு வந்துவிட்டது, பளபளப்பு மட்டும் வேண்டும். எமரித் துணியை ஒரு துண்டு கிழித்து, ராடைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்கிறார்கள். துணி கொஞ்சம் பிடித்தால் போதும், தன்மேல் தானே சுற்றி இறுகும். இறுகிய துணிக்குள் விரல் இருக்கும்.

செய்ய வேண்டிய விதம்: பட்டையான அரத்தின் மேலோ மரத்துண்டின் மேலோ எமரியைச் சுற்றி, அதை ஜாப்பின் மேல் வைத்து அழுத்துவது. பட்டையாகவே போட வேண்டும் என்றால் நீளமான பட்டை எடுத்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் தனித்தனியாக, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மட்டும் பிடியுங்கள். விரலில் சுற்றவே கூடாது. இழுத்தால் நழுவிப் போகிற பிடியாக இருக்க வேண்டும். முழுதாக ராடைச் சுற்றாமல் மேல் பாதியை மட்டும் தொடட்டும்.

அரம் போடுவதற்கும் ஒரு முறை உண்டு. பிடி இல்லாத அரம் தொடாதீர்கள், ஜா அரத்தின் முனையில் தட்டினால் பின்னால் உள்ள கூர் உள்ளங்கைக்குள் போகும். பிடியை இடது கையில் பிடித்து, முனையை வலது கையில் பிடித்தால் இடது முழங்கை சக்குக்கு மேலே வராமல் விலகியே இருக்கும். வலது கைக்காரர்களுக்கு ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

கரண்ட் போனால்

நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. கரண்ட் போகிறது, சக் நிற்கிறது, ஆள் டீ குடிக்கப் போகிறார். லீவர் ஆன் நிலையிலேயே இருக்கிறது. நல்ல ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் போனதும் விழுந்துவிடும், திரும்ப வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் ஓடாது. வெறும் சுவிட்ச் போட்ட பழைய மெஷின், அல்லது ஸ்டார்ட்டரில் யாரோ 'சரிசெய்து' கம்பி கட்டிய மெஷின், கரண்ட் வந்த நொடியே தானாகச் சுற்றும். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஜாப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஆகவே கரண்ட் போனதும் முதல் வேலை லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, மெயினை ஆஃப் செய்வது. டீ அப்புறம்.

மாட்டிவிட்டால்

எமர்ஜென்சி பொத்தான், உடனே மெயின். ஆளை விடுவிக்க மெஷினை ரிவர்ஸில் போடாதீர்கள், அது இரண்டாவது காயம். மெயின் ஆஃப் ஆனபின் கியரை நியூட்ரல் ஆக்கி, சக்கைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள், துணியைக் கத்தரியுங்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

விரல் துண்டானால் அதைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆளோடு அனுப்புங்கள். ஐஸில் நேரடியாகப் போட்டால் சதை கெட்டுவிடும். கண்ணில் துகள் குத்தி நின்றால் கசக்கவோ பிடுங்கவோ கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மேலே ஒட்டி, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

முடிக்கும்போது

லீவர் நியூட்ரல், மெயின் ஆஃப், கேரேஜ் டெயில் ஸ்டாக் பக்கம், கீ கொக்கியில். அதற்குப் பிறகுதான் பிரஷ் எடுக்க வேண்டும். ஓடும் சக்கை வேஸ்ட் துணியால் துடைப்பவர்கள் இருக்கிறார்கள், மேலே சொன்ன முழக் கணக்கு வேஸ்ட் துணிக்கும் பொருந்தும். டூலைக் குளிர்விக்கும் கூலன்ட் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மண்ணெண்ணெயில் வேண்டாம். திங்கட்கிழமை காலை கூலன்ட் தொட்டி நாறினால் அதற்குள் கிருமி வளர்ந்துவிட்டது, மாற்றிவிட வேண்டும். கையில் வரும் அரிப்புக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆயுத பூஜை அன்று மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்குக்குப் பெரிதாக ஒரு மாலை போடுவோம். விஜயதசமி காலையில் வந்து, பழக்க தோஷத்தில் நேராக லீவரைத் தூக்கிய பையன் ஒருவனை எனக்குத் தெரியும். சாமந்திப்பூ பட்டறை முழுக்கப் பறந்தது, நார் மட்டும் சக்கைச் சுற்றி விர்ரென்று இறுகிக்கொண்டது. இப்போதெல்லாம் அன்றைக்கு நானே முதலில் வந்து மாலையைக் கழற்றுகிறேன். அப்புறம் கொக்கியில் கீ இருக்கிறதா என்று பார்த்து, சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பையனைக் கூப்பிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்வேன்.